பன்னிரண்டு கேள்விக்குறிகள்

மின்னஞ்சல் செயலிகள் தமக்கு வந்துசேரும் கடிதங்களைக் கணினியில் சேமித்து வைக்கும் முறை பொதுவாக இருவகைப்படும். தண்டர்பேர்டு போன்ற செயலிகள் ஒரு பெட்டிக்குரிய கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெறும் எழுத்து வரிகளாகவே எழுதிச் செல்கின்றன. அவற்றுக்கான பட்டியல் தனிக் கோப்பாக இருப்பதால், அது கெட்டுப்போனால் நீக்கிவிட்டாலே போதும், செயலி கடிதங்களைப் படித்துப் பட்டியலைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அலுவலகங்களில் நெடுங்காலம் கோலோச்சிய அவுட்லுக்கின் வழி வேறு. கடிதம், இணைப்பு, முகவரி, நாட்குறிப்பு ஆகிய அனைத்தையும் அது ஒரே தரவுக் கோப்புக்குள் அடக்குகிறது. பெயரின் இறுதியில் வரும் மூன்றெழுத்தைக் கொண்டு பிஎஸ்டி என்று வழங்கும் அக்கோப்பின் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2010 பிப்ரவரியில் வெளியிட்ட பிறகே வெளியார் அதை முழுமையாக அறிய முடிந்தது. கடிதங்கள் சிறு துண்டுகளாகக் கோப்பெங்கும் சிதறிக் கிடக்க, எந்தத் துண்டு எந்த இடத்தில் உள்ளது என்பதை ஓர் அட்டவணையும், எந்தக் கடிதத்துக்கு எந்தத் துண்டுகள் உரியவை என்பதை மற்றோர் அட்டவணையும், எந்த இடம் காலி என்பதை ஒரு வரைபடமும் காட்டுகின்றன. ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பெற்ற சரிபார்ப்பு எண் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. இவை தம்முள் முரண்படும்போதுதான் கோப்பில் பிழை உள்ளது என்ற அறிவிப்பு திரையில் தோன்றுகிறது.

இவ்வறிவிப்பு பெரும்பாலும் செயலியைப் புதுப்பித்த மறுநாள் தோன்றுவதால் பழி புதுப்பிப்பின் மேல் விழுகிறது. அப்பழி எப்போதும் நியாயமானதன்று. பழைய பதிப்பு அன்றன்று கேட்கப்பட்ட கடிதத்தை மட்டும் எடுத்துத் தந்துகொண்டிருக்கும். பல மாதங்களாக யாரும் தொடாத மூலையில் ஏற்பட்ட சிதைவு அதன் கண்ணில் படாது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து உடனடித் தேடல் வசதி வந்தபோது, அதற்கான சொல்லட்டவணையை உருவாக்குவதற்காகக் கோப்பிலுள்ள கடிதங்கள் முழுவதும் ஒருமுறை படிக்கப்பட்டன. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறைகளையும் திறந்து பார்க்க வேண்டிய நிலை அப்போதுதான் ஏற்பட்டது. இந்த வேறுபாட்டைக் கட்டுரையாளர் நூலில் படித்து அறிந்ததில்லை. காரைக்கால் பகுதியில், பட்டினச்சேரியை ஒட்டி இயங்கிய ஒரு சிறு நிவாரண அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தபோது கற்க நேர்ந்தது.

பட்டினச்சேரி, திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர். மூன்று புறமும் தமிழ்நாடும் ஒரு புறம் கடலுமாக அமைந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்து, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டமாக இருப்பதால், இங்குள்ள குடும்பங்களில் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின் அவ்வுறவினரும் அவர்களின் நண்பர்களும் அனுப்பிய கடிதங்கள் அந்த அலுவலகத்துக்கு வரத் தொடங்கின. அவற்றில் சில பிரெஞ்சு மொழியிலும், சில ரோமன் எழுத்தில் எழுதிய தமிழிலும், சில தமிழ் எழுத்திலும் இருந்தன. ஊர்களிலிருந்து வந்த கடிதங்களோ வேறு வகை. இழப்பைப் பதிவு செய்ய அமர்த்தப்பட்ட இளைஞர்கள், உடைந்த படகையும் அறுந்த வலையையும் படம் பிடித்து, காரைக்கால் நகரத்துப் பிரவுசிங் சென்டர்களிலிருந்து அனுப்பிவைத்தார்கள். கடிதத்தின் பொருள் வரியில் ஊர்ப் பெயர், இழந்த பொருள், உரியவர் பெயர் ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் எழுத வேண்டும் என்பது அலுவலகத்தின் விதி. அந்த விதியைக் கருத்தாகக் கடைப்பிடித்த இளைஞர்கள், சொல்ல வேண்டியதைப் பொருள் வரியிலேயே முடித்துவிட்டு, உள்ளே ஒரு சொல்லும் எழுதாமல் படத்தை மட்டும் இணைத்தார்கள். இணைய மையத்தில் மணிக்கணக்கில் கட்டணம் கொடுப்பவர்களிடம் வேறெதையும் எதிர்பார்த்திருக்க முடியாது.

தமிழ் எழுத்தைக் கணினியில் குறிக்கும் முறைகள் அக்காலத்தில் ஒன்றாக இல்லை என்பதை இங்கே விளக்க வேண்டும். கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒப்பந்தமே குறிமுறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற குறிமுறைகளை முன்வைத்தது; உலகெங்கும் பரவியிருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் உருவாக்கிய திஸ்கி அதற்கு முன்பே புழக்கத்துக்கு வந்திருந்தது. இவை மூன்றும் 256 இடங்களுக்குள் அடங்குபவை. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி, உரிய எழுத்துருவைக் கொண்டு தமிழாகக் காட்டுபவை. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு, தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கியது. முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களில் பழகிய வெளிநாட்டு அன்பர்களில் பலர் திஸ்கியில் எழுதினார்கள். எ-கலப்பையை நிறுவிக்கொண்டு தட்டச்சுப் பழகிய காரைக்கால் இளைஞர்கள் ஒருங்குறியில் எழுதினார்கள். எது சரியான முறை என்று அன்று கேட்டிருந்தால் கட்டுரையாளர் தயங்காமல் இளைஞர்களின் பக்கம் கைகாட்டியிருப்பார்.

ஆயினும் இளைஞர்களின் கடிதங்கள் அலுவலகக் கணினியில் வந்து இறங்கியபோது பொருள் வரி முழுவதும் கேள்விக்குறிகளாகவே தெரிந்தது. எழுத்துரு இல்லாததால் அப்படித் தெரிகிறது, புதிய பதிப்பு வந்தால் தமிழாகிவிடும் என்று கட்டுரையாளர் சொன்னதை அலுவலகம் நம்பியது. கடிதங்களை இறக்கியவுடன் வழங்கியில் உள்ள படியை அழித்துவிடும்படி செயலி அமைக்கப்பட்டிருந்ததால், கணினியில் இருந்ததே ஒரே படியாக நின்றது. அந்த அமைப்பைச் செய்தவரும் கட்டுரையாளரே.

2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்காலுக்கு அருகே கரையைக் கடந்தது. மின்சாரம் அறுந்து, வந்து, மீண்டும் அறுந்தது. யுபிஎஸ் மின்கலம் முன்பே சக்தி இழந்திருந்ததால், கோப்பு திறந்திருந்த நிலையிலேயே கணினி அணைந்தது. கோப்பின் அளவோ 2 ஜிபியை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆன்சி வடிவம் எனப்படும் பழைய பிஎஸ்டி கோப்புகளுக்கு அதுவே உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் கோப்பு திறக்காது என்பதும், தாண்டிய கோப்பைத் திறப்பதற்கு ஒரு பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை என்பதும் அறிந்தோர் அறிந்த செய்தி. மின்சாரம் நிலைபெற்றதும் கணினி வழக்கம்போல் இயங்கியது, கடிதங்கள் திறந்தன, யாரும் எதையும் சந்தேகிக்கவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், அலுவலகத்தை மூடிப் பதிவேடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைப்பது என்று முடிவானபோது, கேள்விக்குறிகளைத் தமிழாக்கிவிடலாம் என்ற நம்பிக்கையோடு செயலியின் புதிய பதிப்பு நிறுவப்பட்டது. அன்று மாலையே, கோப்பில் பிழைகள் கண்டறியப்பட்டன, பழுதுநீக்கும் கருவியைப் பயன்படுத்துக என்ற அறிவிப்பு வந்தது.

பழுதுநீக்கும் பணியில் முதல் வேலை பழுதுநீக்குவது அன்று, படியெடுப்பது. ஸ்கேன்பிஎஸ்டி என்னும் அக்கருவி மூலக் கோப்பிலேயே கை வைப்பது. காப்புப் படி எடுத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்டாலும், அதற்கு முன்பாகவே முழுக் கோப்பையும் வேறொரு வட்டில் சேர்த்துவிடுவது நல்லது. எட்டுக் கட்டங்களாகக் கோப்பைச் சோதிக்கும் கருவி, சரிபார்ப்பு எண் பொருந்தாத துண்டுகளை ஒதுக்குகிறது, அட்டவணைகளைப் புதிதாகக் கட்டுகிறது, எந்தப் பெட்டிக்கு உரியவை என்று தெரியாமல் தனித்து நிற்கும் கடிதங்களை ஒரு தனிப் பெட்டியில் சேர்க்கிறது. ஒருமுறை ஓட்டினால் போதாது. ஓர் அட்டவணை சீரான பிறகே அடுத்ததன் குறை வெளிப்படும் என்பதால், பிழை இல்லை என்று கருவியே சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். கிழிந்த வலையைப் பொத்துபவர், கிழிசலைச் சுற்றியுள்ள நைந்த கண்ணிகளை அறுத்து முதலில் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு, நல்ல முடிச்சு கிடைத்த இடத்திலிருந்து பின்னத் தொடங்குவதைப் பட்டினச்சேரிக் கரையில் பார்த்திருந்த கட்டுரையாளருக்கு, கருவி சில துண்டுகளைத் துணிந்து கைவிட்டது வியப்பாகத் தோன்றவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் கோப்பு குறையற்றது என்ற சான்று கிடைத்தது. இழந்த கடிதங்கள் சிலவே. அவையும் பெரும்பாலும் சுற்றறிக்கைகள்.

கேள்விக்குறிகள் மட்டும் அப்படியே இருந்தன. செயலி புதிதானாலும் கோப்பு பழைய வடிவிலேயே இருக்கிறது என்பது பிறகுதான் விளங்கிற்று. புதிய பதிப்பு ஆன்சிக் கோப்பைத் திறந்து பயன்படுத்துமே தவிர, அதை ஒருங்குறிக் கோப்பாக மாற்றிவிடாது. 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமான ஒருங்குறி வடிவில் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கிப் பெட்டி பெட்டியாகக் கடிதங்களை அதற்குள் நகர்த்த வேண்டும். இரண்டு இரவுகள் செலவிட்டு அவ்வாறு நகர்த்திய பிறகும் கேள்விக்குறிகள் கேள்விக்குறிகளாகவே வந்து அமர்ந்தன.

காரணம் எளியது, ஆனால் கசப்பானது. ஆன்சி வடிவக் கோப்பு, பொருள் வரியையும் இணைப்பின் பெயரையும் கணினியின் குறிப்பக்கத்துக்கு மாற்றியே எழுதும். குறிப்பக்கம் என்பது ஒரு மொழிக் குழுவுக்குரிய 256 எழுத்துகளின் பட்டியல். விண்டோஸில் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு 1252, ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253, அரபுக்கு 1256 என்று எண்ணிட்ட பக்கங்கள் இருக்கின்றன. தமிழுக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது. 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் தமிழை ஏற்றுக்கொண்டபோது அது ஒருங்குறி வழியாக மட்டுமே நடந்தது. எனவே ஒருங்குறித் தமிழில் எழுதிய பொருள் வரி 1252ஆம் பக்கத்துக்குள் நுழைய முயன்றபோது, அங்கே இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக 63ஆம் எண்ணுக்குரிய கேள்விக்குறி எழுதப்பட்டது. அது எழுத்தின் தோற்றத்தில் நேர்ந்த குறையன்று; எழுத்தே போய், அதன் இடத்தில் உண்மையாகவே ஒரு கேள்விக்குறி உட்கார்ந்துவிட்டது. கடிதத்தின் உடற்பகுதி வேறு முறையில் சேமிக்கப்பட்டதால் பல வேளைகளில் தப்பியது. பிரெஞ்சுக் கடிதங்கள் தம் ஒற்றைக் குறிகளோடும் கூரைக் குறிகளோடும் முழுமையாக இருந்தன. பிரெஞ்சு ஆட்சி நீங்கி ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் காரைக்கால் அலுவலகக் கணினி ஒன்று பிரெஞ்சுக்கு இடம் தந்து தமிழுக்கு இடம் மறுத்ததில் யாருடைய சதியும் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது இனிமையாக இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சிதைந்தவை போல் தோன்றிய திஸ்கிக் கடிதங்கள் சிதையவே இல்லை. மேற்கு ஐரோப்பிய இடங்களைக் கடன் வாங்கிய அந்தக் குறிமுறையின் எண்கள் 1252ஆம் பக்கத்தில் ஏற்கெனவே உள்ளவை ஆதலால், அவை எந்தத் தடையுமின்றிக் கோப்புக்குள் சென்று, எழுத்துரு மாறியபோது தலையில் கொம்பும் கூரையும் முளைத்த பிரெஞ்சுச் சொற்களைப் போலக் காட்சியளித்தன. என்எச்எம் மாற்றி போன்ற கருவியில் இட்டதும் அவை தமிழாகத் திரும்பின. இகரம் மட்டும் சில இடங்களில் காணாமற்போயிருந்தது. திஸ்கியின் முந்தைய வடிவில் இகரத்துக்கு ஒதுக்கிய 173ஆம் இடம், மேற்கத்திய எழுத்துத் தொகுதியில் வரி மடியும்போது மட்டும் தோன்றும் மறைகோட்டுக்கு உரியது என்பதால் பல செயலிகள் அதைக் காட்டாமல் விட்டன. பின்னர் வந்த திருத்தத்தில் இகரம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. ‘இல்லை’ என்பது ‘ல்லை’ என்று வந்தாலும் தமிழர் படித்துவிடுவர். ஆக, திரையில் கட்டம் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள், எழுத்து நலமாக இருக்கிறது. அலங்கோலம் தெரிந்தால் குறிமுறை மாறியிருக்கிறது என்று பொருள், எழுத்தை மீட்கலாம். ஒழுங்காக வரிசை கட்டிய கேள்விக்குறிகள் தெரிந்தால் எழுத்து இறந்துவிட்டது என்று பொருள். பழுதுநீக்கும் கருவி இம்மூன்றையும் பிரித்தறியாது. அதன் கணக்கில் 63 என்பதும் ஒரு நல்ல எண்ணே, சரிபார்ப்புத் தொகையும் பொருந்தியே வரும்.

இறந்த வரிகளிலும் ஒரு தடயம் எஞ்சியிருந்தது. ஒரு குறிக்கு ஒரு கேள்விக்குறி என்ற விகிதம் மாறவில்லை. இடைவெளியும் சிறுகோடும் எண்களும் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவானவை என்பதால் அவையும் பிழைத்திருந்தன. ஒருங்குறியில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். வலை என்பதற்கு மூன்று, படகு என்பதற்கு நான்கு. பட்டினச்சேரி என்பதைப் பிரித்தால் ப, ட, புள்ளி, ட, இகரக் குறி, ன, ச, புள்ளி, ச, ஏகாரக் குறி, ர, இகரக் குறி என்று பன்னிரண்டு வரும். எனவே பன்னிரண்டு கேள்விக்குறிகள், சிறுகோடு, நான்கு கேள்விக்குறிகள் என்று தொடங்கும் வரியைப் பட்டினச்சேரிப் படகு என்று படிக்கலாம் எனக் கட்டுரையாளர் கண்டபோது அடைந்த மகிழ்ச்சி அரை மணி நேரம் நீடித்தது. அக்கம்பேட்டைக்கும் பன்னிரண்டுதான். காளிக்குப்பத்துக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் பதின்மூன்று. காரைக்கால்மேட்டுக்குப் பதினான்கு; காசாக்குடிமேட்டைக் ககர ஒற்று இட்டு எழுதினால் அதுவும் பதினான்கு, ஒற்றை விட்டுவிட்டு எழுதினால் பன்னிரண்டு. சந்தி இலக்கணத்தைப் பள்ளியோடு மறந்துவிடும் வழக்கம், ஓர் ஊரின் உடைந்த படகுகளை இன்னோர் ஊரின் கணக்கில் சேர்த்துவிடக்கூடியது என்பதைத் தமிழாசிரியர் எவரும் எச்சரித்ததில்லை. மண்டபத்தூர் ஒன்றே பதினொரு குறிகளோடு தனித்து நின்றதால் அந்த ஊர்ப் படங்கள் முதலில் பிரிந்துவிட்டன.

ஊர்ப் பெயரை இவ்வாறு ஊகிக்கலாம். ஆள் பெயரை ஊகிக்க முடியாது. ஆறு கேள்விக்குறிகளுக்குள் எத்தனையோ பெயர்கள் அடங்கும். இணைப்பின் பெயர் துணைபுரியும் என்று தேடினால், கேள்விக்குறி விண்டோஸில் கோப்புப் பெயராகக்கூடாத குறி என்பதால், சேமிக்கும்போது அங்கே வெறும் அடிக்கோடுகளே வந்தன. அனுப்பிய இளைஞர்களைத் தேடிக் கேட்டபோது சிலரின் மின்னஞ்சல் கணக்கில் அனுப்பிய கடிதங்களின் படி இருந்தது, சிலர் அக்கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருந்தார்கள், சிலர் வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போயிருந்தார்கள். இறுதியில், பெயர் தெரியாத படங்களை எல்லாம் தாளில் அச்சிட்டு ஊருக்கே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அது மாசி மாதம். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். தம் குலப் பெண்ணை மணந்தவர் என்ற முறையில் மீனவ மக்கள் அவரை மாப்பிள்ளை என்றே அழைத்து வரவேற்பார்கள். மாப்பிள்ளை வரும் வேளையில் பஞ்சாயத்தாரிடம் உடைந்த படகைப் பற்றிப் பேச முடியாது ஆகையால், திருவிழா முடியும்வரை படங்கள் காத்திருந்தன.

பிறகு ஒரு காலை, வலைக்கூடத்தில் தார்ப்பாய் விரித்துப் படங்கள் பரப்பப்பட்டன. கட்டுரையாளர் கேள்விக்குறிகளின் எண்ணிக்கைப்படி படங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் பின்புறமும் அந்த எண்ணைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். அந்த வரிசை சிறிது நேரத்தில் கலைந்துபோயிற்று. படங்களைப் பார்த்தவர்கள் எழுத்தைத் தேடவே இல்லை. பைபர் படகின் அணியத்தில் இருந்த ஒட்டு, பாதி உரிந்த நீலச் சாயம், இயந்திரம் பொருத்தும் பலகையின் அறுப்பு ஆகியவற்றைக் கொண்டே பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். முதியவர் ஒருவர் ஒரு படத்தை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இந்த ஒட்டு நாம்போட்டது தம்பி, எழுதிக்குங்க, எங்க அக்கா மவன் படகு” என்றார். கட்டுமரங்களை அடையாளம் காண்பதில்தான் சிறிது தடுமாற்றம் இருந்தது. அலை அவற்றைக் கட்டவிழ்த்துத் தனித்தனி மரங்களாக்கியிருந்ததால், ஒரு படத்தில் கிடந்த நான்கு மரங்களும் ஒருவருடையவைதாமா என்ற வாதம் நெடுநேரம் நடந்தது. நண்பகலுக்குள் படங்களில் பெரும்பாலானவற்றின் பின்புறம் பெயர் ஏறிவிட்டது. எவரும் உரிமை கோராத சில படங்களை ஓர் உறையிலிட்டு, மேலே 12 என்று எழுதி, மிதிவண்டியில் கட்டி அக்கம்பேட்டைக்கு அனுப்பிவைத்தார்கள்.